தனி வந்தால் எழுந்துவிட வேண்டும்

'இந்த டிக்கெட் உறுப்பினர் தவிரப் பிறருக்கு மாற்றத்தக்கதல்ல. எட்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அரங்கில் அனுமதி இல்லை.' எங்கள் சபாவின் சீஸன் டிக்கெட்டுக்குப் பின்புறம் இந்த இரண்டு விதிகளும் பச்சை மையில் அச்சாகியிருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்றை, யாராவது ஒருவர், ஒரே ஒரு மாலை அமல்படுத்தியிருந்தால்கூட நான் இன்று தில்லை நகர் அடுக்ககத்தில் உட்கார்ந்து கைபேசியில் தோடி கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். வருவாய்த்துறையில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவள் நான். விதிகள் எதற்காக இருக்கின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும். பின்னால் ஒரு நாள், மீறியது யார் என்று எழுதிவைப்பதற்காக. இந்த விஷயத்தில் மீறியவள் என் அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஸ்ரீரங்கத்தில் எங்களோடுதான் இருந்தாள். திருச்சியில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களையெல்லாம் சேர்த்துவைப்பாள். அவளைச் சேர்த்துவைக்கும் வேலைதான் அப்பாவிடம் நிலுவையில் இருந்தது. அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு. எங்கள் தெருவில், கல்யாணமாகாத பெண்ணுக்கு அது வயது அல்ல, புகார். ஜாதகங்கள் வந்தன, போயின. ஒன்றில் செவ்வாய் தடுத்தது. ஒரு வீட்டுக்குப் பெண் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. இன்னொரு வீட்டுக்கு, வேலையை விட்டுவிடுவாளோ என்று கவலை.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சபாவில் இருவருக்கான டிக்கெட் எடுப்பார். பிறகு மார்கழி, தை மாலைகளில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக் கூடத்தை நிறைத்துவிடுவார்கள். அம்மாவுக்குச் சமையற்கட்டிலிருந்து மாலையில் விடுதலை கிடையாது. டிக்கெட் சும்மா கிடக்கும். அந்த வருஷம் அத்தை சொன்னாள்: "வீணாத்தானே போறது அண்ணா. நான் குழந்தையை அழைச்சுண்டு போயிட்டு வரேன். அவளுக்கும் கொஞ்சம் கேள்வி ஞானம் வரட்டும்."

அப்பா ஒப்புக்கொண்டார். ஏழு வயதுப் பெண் கூடவே இருந்தால் இருபத்தெட்டு வயதுப் பெண் தனியாகப் போனதாக ஆகாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் இதை எதிர்த்து யாரும் மேல்முறையீடு செய்ததும் இல்லை.

இப்படித்தான் நான் சங்கீதம் கேட்கத் தொடங்கினேன். பயிற்சி முழுவதும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின்மேல் நடந்தது.

"காலை ஆட்டக் கூடாது. எல்லாரும் கை தட்டினா நீயும் தட்டு, முன்னால தட்டாதே. யாராவது மாமா 'இது என்ன ராகம் குழந்தே'ன்னு கேட்டா, 'கல்யாணி'ன்னு சொல்லு."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா இன்னும் நல்லது. அவா சந்தோஷமா திருத்துவா. சரியாச் சொன்னாத்தான் கோவம் வரும்."

சங்கீத ரசிகர்களைப் பற்றி இதைவிடச் சரியான குறிப்பு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில்தான் கச்சேரி. வாசலில் சபாக் காரியதரிசி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குழந்தைக்கு என்ன வயசு?" என்றார். அத்தை "எட்டு முடிஞ்சுடுத்து" என்றதும் நான் "ஏழு" என்றதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. அவர் குனிந்து என்னைப் பார்த்தார். உள்ளே வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சங்கீதம் தெரியுமா உனக்கு? உள்ள என்ன ராகம் வாசிக்கறா, சொல்லு பார்ப்போம்."

"கல்யாணி."

அவர் முகம் மலர்ந்தது. சுருதி சேர்ப்பது வேறு, ராகம் வேறு என்று வரிசையை நிறுத்திவைத்து விளக்கினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் எங்களை உள்ளே விட்டுவிட்டார்.

கச்சேரி எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பாடகர் வார்த்தையே இல்லாமல் வெகு நேரம் இழுத்துக்கொண்டிருந்தபோது, பாட்டு மறந்துபோய்ச் சமாளிக்கிறார் என்று நினைத்தேன். வயலின்காரர் அதையே திருப்பி வாசித்தது நினைவூட்டுவதற்காக. கடைசியில் ஒரு வழியாக வார்த்தை ஞாபகம் வந்து பாடத் தொடங்கியதும், நான் நிம்மதியோடு அத்தையைப் பார்த்தேன். அத்தை பாடகரைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசை முன்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொல்லிக்கொடுத்த ஒரே உருப்படியான விஷயம் தாளம். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. மறுபடி முதலிலிருந்து. பாட்டு எங்கே போனாலும் இது மட்டும் மாறாமல் சுற்றி வரும் என்றாள். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. பின்னாளில் நான் என்ன வேலைக்குப் போவேன் என்று அப்போதே யாராவது கண்டுபிடித்திருக்கலாம்.

முதல் கச்சேரியிலேயே ஒரு நீளமான பாட்டின் நடுவில் பாடகர் சட்டென்று நிறுத்தி, மிருதங்கக்காரரின் பக்கம் கையை நீட்டினார். அடுத்த நொடி ஹாலில் பாதிப் பேர் எழுந்தார்கள். இரும்பு நாற்காலிகள் தரையைக் கீறின. அத்தையும் எழுந்தாள்.

"முடிஞ்சுடுத்தா அத்தை?"

"இல்லைடி. தனி வந்துடுத்து. தனி ஆவர்த்தனம்னா, மிருதங்கக்காரர் தனியா வாசிப்பார். நாம அவரைத் தனியா விட்டுட்டு வெளியில போயிடணும்."

"ஏன்?"

"இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்துண்டே இருந்தா அவருக்குக் கூச்சமா இருக்காதோ?"

எனக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் சுலோகம் சொல்லச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருக்கும். போகாமல் உட்கார்ந்திருந்த சிலரை, இங்கிதம் தெரியாதவர்கள் என்று பார்த்துக்கொண்டே வெளியே போனேன்.

ஹாலுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகையில் கேன்டீன். அங்கே ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மாமா நின்றார். அவர் கையில் அத்தைக்குக் காபி தயாராக இருந்தது. எனக்குத் தாளில் சுற்றிய போண்டா. அடுத்த கச்சேரியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். எப்போது போனாலும் கேன்டீனில் இருக்கிறார், கேட்காமலே போண்டா தருகிறார். ஆகவே கேன்டீன் அவருடையது என்று நான் முடிவு செய்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் "கேன்டீன் மாமா ரொம்ப நல்லவர்" என்றேன். அத்தை புரியாமல் பார்த்தாள். புரிந்ததும், கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"அப்படியே கூப்பிடு. நன்னா இருக்கு," என்றாள்.

அவர்கள் பேசியதெல்லாம் சங்கீதம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தோடி எப்படி இருந்தது?" என்பார் கேன்டீன் மாமா.

"தோடி கிடக்கட்டும். உங்காத்துல என்ன சொன்னா?"

"அம்மா சரின்னுட்டா. அப்பா இன்னும் வாயைத் திறக்கலை."

"உங்கப்பாவுக்குப் பாட வராதா மாமா?" என்று நான் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வரும் குழந்தே. சுருதிதான் இன்னும் சேரலை," என்றார் அவர்.

தை முடியும்போது ஒரு ஜாதகம் எல்லாத் தடைகளையும் தாண்டி வந்துவிட்டது. பம்பாயில் வேலை, எங்களைப் போலவே தென்கலை, ஒரு குறையும் இல்லை. சித்திரையில் பெண் பார்க்க வருவதாகத் தகவல். அப்பா அன்று கூடத்தில் பிள்ளைகளை அடிக்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று அத்தை வைத்த சாத்தமுதில், அதாவது மற்றவர்கள் ரசம் என்று சொல்வதில், உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அப்பா சந்தோஷத்தில் அதை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த கச்சேரியில் கேன்டீன் மாமாவின் காபி குடிக்காமலே ஆடை கட்டியது.

"அண்ணாகிட்ட எப்படிச் சொல்றது? எதிர்ல போய் நின்னா எனக்கு வாயே வரலை," என்றாள் அத்தை.

"நான் வந்து பேசட்டுமா?"

"உங்க நெத்தியைப் பார்த்ததும் வாசல்லயே நிறுத்திடுவார்."

நானும் அவர் நெற்றியைப் பார்த்தேன். திருமண் இட்டுக்கொண்டு சுத்தமாகத்தான் இருந்தது.

மாசி பிறந்தபின் ஒரு பெரிய பாடகர் வருவதாக இருந்தது. அன்று மத்தியானம் அத்தைக்குத் தலைவலி வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவளுக்குத் தலைவலி வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"நீங்களே போயிட்டு வாங்கோ அண்ணா. குழந்தையை அழைச்சுண்டு போங்கோ. அவளுக்கு எல்லா முறையும் தெரியும்."

கிளம்பும்முன் எனக்குப் பின்னல் போட்டுவிட்டபோது மெதுவாகக் கேட்டாள். "தனி வந்தா என்ன பண்ணணும்?"

"எழுந்து போயிடணும்."

"அப்பா எழுந்துக்கலைன்னா?"

"சொல்லணும்."

"சமத்து," என்று பின்னலின் நுனியில் ரிப்பனை இறுக்கினாள்.

சில வருஷங்களுக்கு முன் அத்தையிடம் நேராகவே கேட்டேன், அந்தத் தலைவலி நிஜமா என்று. "நிஜம்தாண்டி. உங்கப்பாதான் அந்தத் தலைவலி," என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அப்பா கச்சேரி கேட்கும் விதமே வேறு. கண்ணை மூடிக்கொள்வார். வலது கை மட்டும் தொடையில் தாளம் போடும். அதில் ஒரு மயிரிழை பிசகாது. அரங்கில் தும்மியவர்களை, கண்ணைத் திறக்காமலே யார் என்று கண்டுகொள்வார். நானும் காலை ஆட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து விரலை எண்ணிக்கொண்டிருந்தேன். பாடகர் மிருதங்கக்காரரின் பக்கம் கையை நீட்டினார். நாற்காலிகள் தரையைக் கீறின. அப்பா அசையவில்லை.

"அப்பா, எழுந்திருங்கோ. தனி வந்துடுத்து."

"ஷ்ஷ்."

"அவருக்குக் கூச்சமா இருக்கும்ப்பா."

"யாருக்குடி?"

"மிருதங்கக்காரருக்கு. நானும் அத்தையும் எப்பவும் போயிடுவோம். கேன்டீன் மாமா காபி வாங்கி வெச்சுண்டு அத்தைக்காகக் காத்துண்டு நிப்பார். இன்னிக்கு அத்தை வரலைன்னு அவருக்குத் தெரியாது. காபி ஆறிடும். பாவம்ப்பா."

முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"எந்த மாமா?"

"கேன்டீன் மாமா. அவருக்கு அத்தைன்னா ரொம்பப் பிடிக்கும்."

"உட்காரு," என்றார் அப்பா. என் கையைப் பிடித்துத் தன் தொடையின்மேல் வைத்து, விடாமல் அழுத்திக்கொண்டார்.

அதனால்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தனி ஆவர்த்தனத்தை உட்கார்ந்து கேட்டேன். மிருதங்கக்காரருக்குக் கூச்சம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டினார். நடுவில் இருந்த மௌனமும் அவர் வாசிப்பது போலவே இருந்தது. அவர் விட்ட இடத்தில் கடம் வாசித்தவர் பிடித்தார். இவர் ஒரு பேச்சுப் பேச, அவர் அதையே வேறு குரலில் திருப்பிச் சொன்னார். பேச்சு வரவரச் சுருங்கியது; பாதியானது, அதிலும் பாதியானது; அப்புறம் யார் பேசுகிறார், யார் பதில் சொல்கிறார் என்றே தெரியவில்லை. அப்போதுதான் கவனித்தேன். அப்பாவின் கை தாளத்தை நிறுத்தியிருந்தது.

இது எனக்குப் பெரிய விபத்தாகப் பட்டது. மாறவே கூடாதது நின்றுவிட்டால் வாசிப்பவர்கள் எங்கே வந்து சேருவார்கள்? ஆகவே அப்பாவின் தொடையின்மேல் அவருக்குப் பதிலாக நான் போடத் தொடங்கினேன். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மேடையில் இருவரும் சேர்ந்து இடித்துப் பொழிந்தார்கள். எனக்கு இரண்டு தடவை விரல் தவறி, மறுபடி பிடித்தேன். ஒரே சொற்கட்டு மூன்று முறை வந்தது; மூன்றாவது முறை முடிந்த இடத்தில் என் உள்ளங்கை அப்பாவின் தொடையில் விழுந்தது. அதே இடத்திலிருந்து பாடகர் விட்ட வரியை எடுத்தார். என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் திரும்பி வந்து சேர்ந்த இடத்தில் நானும் இருந்தேன். கேள்வி ஞானம் என்று அத்தை சொன்னது எதுவோ, அது எனக்கு அந்த நொடியில்தான் தொடங்கியது.

"நன்னா இருந்ததுல்ல அப்பா?" என்றேன். அப்பா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் போலவே அவரும் பாட்டில் ஆழ்ந்துவிட்டார் என்று எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை வந்தது. சத்திரம் பஸ் நிலையத்தில் வந்து நின்ற ஒன்றாம் நம்பரைக்கூட அவர் ஏறாமல் விட்டுவிட்டார்.

வீட்டில் அத்தையிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கச்சேரிக்குத் தான் மட்டும் கிளம்பிப் போனார். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்தே அறியாத மனிதர், அன்று எழுந்து கேன்டீனுக்குப் போய்க் கால்மணி நேரம் நின்றிருக்கிறார். அந்தக் கேன்டீனை உண்மையில் எடுத்து நடத்தியவர், தோளில் ஈரத்துண்டும் முன்வழுக்கையுமாக, வடை போடுகிற ஆளை உரத்த குரலில் வைதுகொண்டிருந்தார். அவருடைய பேரன் பக்கத்தில் டபரா அடுக்கிக்கொண்டிருந்தானாம். அப்பா வீடு திரும்பியபோது முகம் சரியாக இல்லை. சமையற்கட்டில் அம்மாவிடம் பேசியது, கூடத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"அந்த மனுஷனுக்கு என்னைவிட வயசு ஜாஸ்திடி. பேரன் இருக்கான்."

"எந்த மனுஷனுக்கு?"

அப்பா சொன்னார். பிறகு கரண்டி கீழே விழும் சத்தமும், அம்மா சிரிப்பை அடக்கும் சத்தமும் கேட்டன.

"அவர் கேன்டீன்காரர் இல்லை. பாங்க்கில ஆபீசரா இருக்கார். முப்பது வயசு. நல்ல மனுஷா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்டச் சொல்லத்தான் பயம். அவா வடகலை."

இங்கே ஒரு விளக்கம் தேவை. தென்கலைக்காரர் திருமண்ணில் மூக்கின்மேல் ஒரு சின்னப் பாதம் இறங்கும். வடகலைக்காரருக்கு அது இறங்காது. கோயில் யானையின் நெற்றியில் எதை இடுவது என்று நீதிமன்றம் வரை போன இரு தரப்பு இவை. எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தோடு கல்யாணம் என்ற பேச்சு அதுவரை சிரிப்புக்காகக்கூட எழுந்ததில்லை. ஒரு மாதம் முன்னால் இதையே கேட்டிருந்தால் அப்பா பட்டினி கிடந்திருப்பார். அவர் கிடந்தால் அம்மாவும் கிடந்திருப்பாள்.

சமையற்கட்டிலிருந்து நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது.

"வடகலைதானே?" என்றார் அப்பா.

அந்த 'தானே' வாயிலிருந்து விழுந்ததும் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் உடனே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அதன்பின் அந்த விஷயத்தை அவர் தொடவே இல்லை. நான் பிற்காலத்தில் பார்த்த பெரிய அதிகாரிகளெல்லாம் இப்படித்தான். மறுக்கவும் மாட்டார்கள், கையெழுத்தும் போட மாட்டார்கள். பம்பாய் வரனைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா தொண்டையைக் கனைத்தாலே அத்தையின் கை வேலை நின்றுவிடும், அவர் தண்ணீர் கேட்பார், மறுபடி தொடங்கும். அவள் இளைத்துப் போனாள். நான் மட்டும் கண்ணில் பட்ட பலகை, பெட்டி, டப்பா எல்லாவற்றிலும் தாளம் போட்டு, எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

பங்குனி வந்தது. பெருமாளும் தாயாரும் வருஷத்தில் ஒரே ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து சேவை சாதிப்பார்கள். ஊரே தாயார் சன்னதியில் நெருக்கியடிக்கும். அப்பா மத்தியானமே வரிசையில் போய் நின்றார். சாயங்காலம் சட்டை கசங்க, நெற்றி வேர்க்கத் திரும்பி வந்தார். முற்றத்தில் கால் அலம்பிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அவாத்துக்கு எப்படிப் போகணும்?"

"எவாத்துக்கு?" என்றாள் அம்மா, வேண்டுமென்றே.

"எல்லாம் தெரிஞ்சவாதானே நீங்கள்ளாம். வழி சொல்லுங்கோ. நாளைக்குக் கார்த்தால போகணும்."

அத்தை தூணருகே நின்றிருந்தாள். நாள் முழுவதும் ஊருக்கெல்லாம் நம்பரும் விலாசமும் சொல்கிறவள், "தென்னூர்ல..." என்று தொடங்கினாள். மேலே வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா அவள் முதுகைத் தடவினாள். அம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத்தையைத் திட்டாதீங்கோ அப்பா!"

"நான் என்னடி திட்டினேன்? வழிதானே கேட்டேன்," என்றார் அப்பா. கால் அலம்பி முடித்தவர், ஏனோ முகத்தையும் அலம்பினார். துண்டை எடுத்து வெகுநேரம் துடைத்துக்கொண்டே நின்றார்.

தென்னூருக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று எனக்கே தெரியும். இவ்வளவு சின்னக் கேள்விக்கு மூன்று பெரியவர்கள் ஏன் அழ வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அன்று பங்குனி உத்திரம்.